நெல்லிக்காய்க் கொண்டை

எனக்குத் தலையில் முடி உண்டு என்பதை முதலிலேயே எழுதி வைத்துவிடுகிறேன். பார்த்துத் தெரிந்துகொள்வது கஷ்டம். இப்போது யாராவது கேட்டால், வயதாகிவிட்டது, கொட்டிவிட்டது என்று சொல்லித் தப்பித்துக்கொள்கிறேன். பதினெட்டு வயதிலும் இதே லட்சணம்தான். சடை பின்னினால் மேலே சுண்டுவிரல் கனத்தில் தொடங்கும், கீழே போகப் போக ஊதுபத்தியாகும், இடுப்புக்கு வருவதற்கு முன்பே மனம் மாறி நின்றுவிடும்.

தூத்துக்குடியில் கடற்கரைக்கு இரண்டு தெரு தள்ளி எங்கள் வீடு. அப்பா இல்லை. அண்ணனுக்குக் கருப்பட்டிக் கடை. அம்மாவுக்கு என் தலைமுடிதான் கவலை. மொட்டை போட்டால் அடர்த்தியாக முளைக்கும் என்று யாரோ சொல்ல, ஏழு வயதுக்குள் மூன்று தடவை திருச்செந்தூருக்குக் கூட்டிப்போய் எனக்கு முடி இறக்கினாள். முருகன் மூன்று தடவையும் கொடுத்ததை வாங்கிக்கொண்டான். திருப்பித் தரும்போது கொஞ்சம் குறைத்துத்தான் தந்தான். பிறகு வெங்காயச் சாறு, கரிசலாங்கண்ணி, செம்பருத்தி, வெந்தயம். என் தலையில் அரைத்துப் பூசியதையெல்லாம் சட்டியில் போட்டுக் கொதிக்க வைத்திருந்தால் தெருவுக்கே குழம்பு ஊற்றியிருக்கலாம்.

கடைசியில் அம்மா அதே திருச்செந்தூரில் ஒரு சவுரி வாங்கி வந்தாள். யாரோ புண்ணியவதி முருகனுக்குக் கொடுத்த முடியாக இருக்கும். அதை என் முடியோடு சேர்த்துப் பின்னினால் தொடை வரை சடை தொங்கும். ஒரே ஒரு சங்கடம். நிழலில் இரண்டும் கறுப்பாகத் தெரியும். வெயிலில் நின்றால் என் முடி கறுப்பு, சவுரி செம்பட்டை. அதனால் நான் எங்கே போனாலும் சுவர் ஓரமாக, நிழல் பார்த்து, தலையைக் குனிந்துகொண்டு போவேன். ரொம்ப அடக்கமான பெண் என்று தெருவில் எனக்கு நல்ல பெயர்.

இப்படி இருந்த வீட்டுக்குத்தான் அண்ணன் பெண்டாட்டியாக மைனி வந்தாள்.

கொற்கைப் பக்கத்து விவசாயக் குடும்பம். அவளைப் பெண் பார்க்கப் போனபோது அம்மா அவள் தலையைக் கவனிக்கவே இல்லை. நாம் அடுத்தவர் தலையைப் பார்த்தால் அவர்கள் நம் வீட்டுப் பெண் தலையைப் பார்ப்பார்கள் என்று பயம். அம்மா தரையைப் பார்த்தபடி பேசிவிட்டு, வெற்றிலை மாற்றிக்கொண்டு வந்துவிட்டாள். நான் அங்கேயும் ஒரு தூண் நிழலில்தான் உட்கார்ந்திருந்தேன்.

கல்யாணம் ஆகி மூன்றாம் நாள் மைனி எண்ணெய் தேய்த்துக் குளித்துவிட்டு முற்றத்தில் முடியை விரித்து உட்கார்ந்தாள். புதுப்பெண் தலை காயவைக்கிற அன்று தெருப் பெண்களுக்கு வீட்டில் எல்லாமே தீர்ந்து போகும். ஒருத்தி உறைமோர் கேட்டு வந்தாள். ஒருத்தி சல்லடை கேட்டு வந்தாள். எதிர்வீட்டுச் சின்னம்மை ஒன்றும் கேட்காமல் வந்து நின்றாள். எல்லாரும் பார்த்தார்கள். மைனியின் முடி தோளைத் தாண்டி நாலு விரல் இறங்கியிருந்தது, அவ்வளவுதான். அதன் வழியாக அவள் முதுகில் ரவிக்கைத் தையல் தெரிந்தது.

"ஏளா, காய்ச்சல் எதுவும் வந்து கொட்டிட்டா?" என்று சின்னம்மை கேட்டாள்.

"இல்ல சின்னம்மை. பொறக்கையிலேயே இம்புட்டுதான்" என்றாள் மைனி. "நாலு முடின்னாலும் நாலும் எங்கன எங்கன இருக்குன்னு எனக்குத் தெரியும். உங்களுக்கு உங்க முடியெல்லாம் தெரியுமா?"

உறைமோர் கேட்டு வந்தவள் மோர் வாங்காமலே போய்விட்டாள். அம்மாவுக்கு முகம் செத்துவிட்டது. ஒரே வீட்டில் இரண்டு தலை இப்படி அமையும் என்று அவள் கனவிலும் நினைக்கவில்லை. எனக்கு மட்டும் உள்ளூர ஒரு சந்தோஷம். என்னைவிடக் குறைவாக ஒருத்திக்கு இருக்கிறதே என்ற சந்தோஷம்தான். நல்ல குணம் என்று சொல்லிக்கொள்ள என்னிடம் அப்போது வேறெதுவும் இல்லை.

அந்த ஒரு நாளுக்குப் பிறகு வெகு காலம் மைனியை அவிழ்ந்த தலையோடு நாங்கள் யாரும் பார்க்கவில்லை. விடிவதற்கு முன்பே கொண்டை போட்டு முடித்திருப்பாள். அவள் கொண்டை போடுகிற விதமே தனி; அவளே சொல்லித்தான் எனக்குத் தெரியும். சின்ன முடிக்கு எண்ணெய் எமன் என்பாள். முதல் நாளே தேய்த்து, சீயக்காய் போட்டு அலசிவிடுவாள். நடுவகிடு எடுக்கவே மாட்டாள். "நடுவகிடு எடுத்தா மண்டைக்கு நடுவுல வண்டித்தடம் போட்ட மாதிரி தெரியும்ளா" என்று இடது பக்கம் கொஞ்சம் தள்ளி எடுப்பாள். இறுக்கி வாராமல் தளர்த்தி வாரி, பின்கழுத்தில் தாழ்வாகச் சுருட்டி, குறுக்கும் நெடுக்குமாக இரண்டு கொண்டை ஊசி குத்துவாள். கொண்டை ஒரு நெல்லிக்காய் அளவு இருக்கும். அதன் ஒரு பக்கத்தில் மட்டும் ஒரு கிள்ளு பிச்சிப்பூ வைப்பாள். அவ்வளவுதான். தேர் மாதிரிக் கொண்டை போட்ட பெண்கள் நடுவே அவள் போனாலும் கண் அந்த நெல்லிக்காயில்தான் போய் நிற்கும். கச்சான் காற்று ஊரையே கலைத்துப் போட்டாலும் அதில் ஒரு முடி பிரியாது.

அந்த இரண்டு ஊசிகளும் அவளுக்கு உயிர். யுத்தம் வந்து சீமைச் சாமான்கள் நின்றுபோன காலம். கடைத்தெருவில் கொண்டை ஊசி என்று கேட்டால் கடைக்காரர்கள் சிரித்தார்கள். பெண்கள் தென்னை ஈர்க்கை ஒடித்து வளைத்துக் குத்திக்கொண்டார்கள். மைனி தன் ஊசிகளைக் குளிக்கும்போது கழற்றிக் குங்குமச் சிமிழில் போட்டு மூடி வைப்பாள். தாலியைக்கூட அவ்வளவு பத்திரமாகப் பார்த்துக்கொண்டாளா என்று எனக்குச் சந்தேகம்.

கொழும்பில் குண்டு விழுந்தது என்று செய்தி வந்ததும், அடுத்தது தூத்துக்குடித் துறைமுகம்தான் என்று ஊர் பாதி காலியாயிற்று. நாங்களும் மாட்டுவண்டி பிடித்து மைனியின் ஊருக்குப் போனோம். அம்மா நகையை மடியில் கட்டிக்கொண்டாள். அண்ணன் கடைச் சாவியைக் கட்டிக்கொண்டான். நான் சவுரியை வாழை இலையில் சுருட்டி மடியில் வைத்துக்கொண்டேன். குண்டு விழுந்து செத்தாலும் சடை முழுதாக இருக்க வேண்டும் என்பது என் எண்ணம்.

அங்கே மைனியின் அக்காமார் மூன்று பேர். மூன்று பேருக்கும் முழங்கால் வரை முடி. அவர்கள் வரிசையாக வாய்க்காலில் குளித்துவிட்டு வந்தால் அரை நாள் தலை காயாது. மைனி நடுவில் இறங்கி ஒரு முங்கு முங்கிவிட்டு, அவர்கள் முடியைத் துவட்டத் தொடங்குவதற்குள் நெல்லிக்காயைக் குத்திக்கொண்டு கரையேறிவிடுவாள். நான் அங்கே இருந்த இரண்டு மாதமும் கழுத்தளவு தண்ணீரில் தலை நனையாமல் நின்று குளித்தேன்.

"ஏளா, சவுரிக்கு நீச்சல் தெரியாதோ?" என்று மைனி கரையிலிருந்து கேட்பாள்.

ஊருக்குத் திரும்பிய பிறகு ஆறுமுகநேரியிலிருந்து எனக்கு ஒரு சம்பந்தம் வந்தது. உப்பளக்காரர்கள். அதற்கு முன் இரண்டு இடம் தட்டிப் போயிருந்தது. ஓர் இடத்தில் மாப்பிள்ளையின் அத்தைக்காரி அன்பாகத் தடவுகிற மாதிரி என் சடையைத் தடவி, சவுரி தொடங்குகிற இடத்தைக் கண்டுபிடித்துவிட்டாள். இவர்கள் மாலை நேரத்தில், கூடத்து இருட்டில் வந்து பார்த்துவிட்டுப் பிடித்திருக்கிறது என்று சொல்லிவிட்டார்கள். மைனி அன்றைக்குத் தாய்வீட்டுக்குப் போயிருந்தாள். பூ வைக்க நாளும் குறித்தாயிற்று. எங்கள் பக்கத்தில் பூ வைத்துவிட்டால் கல்யாணம் பாதி முடிந்த மாதிரி. இதுவும் தட்டிப் போனால் இனி யார் வரப் போகிறார்கள் என்று அம்மா சாமி முன்னால் உட்கார்ந்து அழுதாள். எனக்கும் சோறு இறங்கவில்லை.

மைனி என்னைத் தனியாகக் கூப்பிட்டாள். "ஏளா, சவுரி வேண்டாம். நான் உனக்குக் கொண்டை போட்டு விடுதேன். உள்ளதைக் காட்டிட்டுப் போயிரு. பெறவு காலம் முழுக்க நெழல் தேடிக்கிட்டு நடக்க முடியுமா?"

அதற்கு நான் சொன்ன பதிலை இத்தனை வருஷம் யாரிடமும் சொன்னதில்லை. இங்கே எழுதுவதற்கும் கை கூசுகிறது.

"சவுரி இருக்கட்டும் மைனி. நீங்க நாளைக்கு முன்னால வராதீய" என்றேன். "உங்க தலையப் பாத்தா அவியளுக்கு எந் தலை மேலயும் சந்தேகம் வந்துரும்."

மைனி தன் கொண்டை ஊசியைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள். "சரிளா" என்றாள். "முந்திரிக்கொத்து சுட ஆளு வேணும்லா. நான் அடுப்பங்கரையில இருந்துக்கிடுதேன்." அவள் எப்போதும் பேசுகிற குரல்தான். அதனால் வலிக்கவில்லை என்று நான் நினைத்துக்கொண்டேன். எனக்கு வசதியாக இருந்தது, நினைத்துக்கொண்டேன்.

மறுநாள் காலையில் அம்மா என் முடி கறுப்பாகத் தெரிவதற்காக ஒரு கை தேங்காய் எண்ணெயை உச்சியில் வைத்து வழித்துவிட்டாள். அதன் மேல் சவுரியைச் சேர்த்துப் பின்னினாள். கூடத்தில் ஜன்னலைச் சாத்தி, நிழல் விழுகிற இடமாகப் பார்த்து மணை போட்டாள். யார் எந்தப் பக்கம் உட்கார்ந்து பார்த்தாலும் நிறம் தெரியாது என்று நாங்கள் இரண்டு பேரும் மாறி மாறி உட்கார்ந்து பார்த்தோம். கண்ணுக்கு எல்லா ஏற்பாடும் செய்தோம். கனத்தை மட்டும் யோசிக்கவில்லை.

பூ வைக்க ஒன்பது சுமங்கலிகள் வந்திருந்தார்கள். மற்ற வீடுகளில் ஆளுக்கு ஒரு முழம் வைப்பார்கள். இவர்கள் தாராளமான கை. ஆளுக்கு இரண்டு முழம், அதுவும் நெருக்கிக் கட்டிய குண்டு மல்லி, தண்ணீர் தெளித்தது. மாப்பிள்ளையின் அம்மா முதலில் வைத்தாள். இரண்டாவது, மூன்றாவது வரை நான் மகாலட்சுமி மாதிரி உட்கார்ந்திருந்தேன். ஐந்தாவது ஆள் வைத்தபோது என் தலை தானாக அண்ணாந்தது. ஏழாவதில் நான் உத்தரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பின்னால் எண்ணெயில் ஏதோ மெல்ல வழுக்குவது தெரிந்தது. தெரிந்து என்ன செய்வது? ஒன்பதாவது ஆளும் வைத்தாயிற்று.

"மாமியார் கால்ல விழுந்து கும்பிடும்மா" என்று யாரோ சொன்னார்கள்.

குனிந்தேன். நான் மட்டும்தான் குனிந்தேன். சடை என்னோடு வரவில்லை. அது பதினெட்டு முழம் மல்லிகையோடு என் தோளைத் தாண்டி, தாம்பாளத்தில் வெற்றிலை பாக்கின் மேல் பொத்தென்று விழுந்தது.

நான் எழுந்திருக்காமல் அப்படியே மாமியார் காலைப் பார்த்துக்கொண்டு கிடந்தேன். எழுந்தால் முகத்தைக் காட்ட வேண்டும். வந்தவர்களில் மூத்தவள் ஒருத்தி, "பூ வைக்கையில பூ விழுந்தா நல்லதுக்கில்ல, கெளம்புவோம்" என்றாள். அம்மா சுவரோடு சாய்ந்துவிட்டாள். மாப்பிள்ளையின் அம்மா காலைப் பின்னால் இழுத்துக்கொள்வது என் கண்ணுக்கு நேரே தெரிந்தது.

அப்போது அடுப்பங்கரையிலிருந்து மைனி வந்தாள். கையெல்லாம் மாவு. தாம்பாளத்தில் கிடந்த சவுரியை, முருங்கைக்காய்க் கட்டைத் தூக்குகிற மாதிரித் தூக்கி, "அத்தை, இதை உள்ள வைங்க" என்று அம்மா கையில் கொடுத்தாள். என்னைத் தோளைப் பிடித்து நிமிர்த்தினாள். பின்னால் உட்கார்ந்து என் முடியை விரலாலேயே கோதி, இடது பக்கம் வகிடு எடுத்து, தளர்த்திச் சுருட்டினாள். சுருட்டிய பிறகு குத்த ஊசி வேண்டுமே. அவள் கை ஒரு கணம் நின்றது. பிறகு தன் தலைக்குப் போயிற்று.

இரண்டு ஊசிகளையும் உருவினாள். நெல்லிக்காய் அவிழ்ந்தது. வேற்று மனிதர்கள் ஒன்பது பேர் முன்னால், நல்ல காரியம் நடக்கிற கூடத்தில், மைனி அந்த நூல் முடியை விரித்துப் போட்டபடி என் தலையில் அவள் ஊசியைக் குத்தினாள்.

"பூ விழல பெரியம்மை" என்றாள் மாப்பிள்ளையின் அம்மாவிடம். "அது வேற யாரோ முடி. இதுதான் இவ முடி. ஒரு கிள்ளு வைங்க, நிக்கும்."

அந்த அம்மாள் மைனியை மேலும் கீழும் பார்த்தாள். "நீ யாரும்மா?"

"மூத்தவுக பொஞ்சாதி."

"மூத்த மருமவளா? இம்புட்டு நேரம் எங்க இருந்த? முன்னால காணலையே."

மைனி என் பக்கம் திரும்பவே இல்லை. "முந்திரிக்கொத்து தீஞ்சிரும்னு அங்கன நின்னுட்டேன் பெரியம்மை" என்றாள்.

அந்த அம்மாள் கிட்டே வந்து என் கொண்டையைப் பார்த்தாள். பிறகு தாம்பாளத்தில் அறுந்து கிடந்த சரத்திலிருந்து ஒரே ஒரு கிள்ளு பூவை எடுத்து என் தலையில் வைத்து, கையை எடுத்துவிட்டு, விழுகிறதா என்று பார்த்தாள். நின்றது.

"எதுக்கு மறைச்சீய?" என்றாள் அம்மாவிடம். "பொண்ணு பாக்க வந்த அன்னைக்கு எம் மவன் தலையில துண்டு கட்டிட்டு இருந்தாம்லா? ஏன்னு நீங்க கேட்டியளா? முன்மண்டை பூரா வழுக்கை. நாங்களும் மறைச்சுத்தான் கூட்டிட்டு வந்தோம்."

முதலில் அந்த மூத்தவள்தான் சிரித்தாள். பிறகு கூடமே சிரித்தது. அம்மா சிரித்துக்கொண்டே அழுதாள். நானும் சிரித்தேன், சிரிப்பதைத் தவிர எனக்கு வேறு வழி இல்லை. சிரிப்பு அடங்கிப் பார்த்தால் மைனியைக் காணோம்.

அடுப்பங்கரையில் ஆட்டுரலுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தாள். முந்தானையால் தலையை மூடியிருந்தாள். அதற்குள்ளே வாழைநாரை வைத்து முடியைக் கட்டப் பார்க்கிறாள், கட்ட முடியவில்லை. நார் வழுக்கி வழுக்கி விழுந்தது. அந்தக் கைக்கு முடி அடங்காமல் நான் பார்த்ததே இல்லை.

"எல்லாரும் பாத்தாவளா, ஏளா?" என்று கேட்டாள்.

பொய் சொல்லியிருக்கலாம். வாய் வரவில்லை. "பாத்தாவ மைனி" என்றேன்.

"அந்தச் சின்னம்மை கேட்டுட்டுப் போன அன்னைக்கு இங்கன இருந்துதான் அழுதேன். அன்னையிலிருந்து விடியுமுன்ன கொண்டை போட்டுக்கிடுதேன், ஒருத்தரும் பாக்காண்டாம்னு" என்றாள். மூக்கை உறிஞ்சிக்கொண்டாள். "நாலு முடின்னு வாயால சொல்லிட்டுப் போயிரலாம்ளா. காட்டத்தான் முடியாது."

நான் என் தலையிலிருந்து ஊசியை உருவப் போனேன். பட்டென்று என் கையைத் தட்டிவிட்டாள். "அவிய போற மட்டும் தலையில கை வைக்காத. பூ விழுந்தா இந்தத் தடவ அவுத்துப் போட எங்கிட்ட ஒண்ணும் இல்ல" என்றாள். இரண்டு பேருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. முந்திரிக்கொத்து நிஜமாகவே தீய்ந்துகொண்டிருந்தது.

பிறகு நான் எவ்வளவு கெஞ்சியும் அந்த ஊசிகளை அவள் திரும்ப வாங்கிக்கொள்ளவில்லை. என் கல்யாணத்தன்று என் தலையில் அவள் ஊசி, அவள் தலையில் தென்னை ஈர்க்கு. சவுரி பரணில் கிடந்தது. மணவறையில் உட்கார்ந்து நிமிர்ந்து பார்த்தேன். முன்வரிசையில் எங்கள் பக்கத்துப் பெண்கள் எல்லாரும் நிற்கிறார்கள். மைனி கடைசியில், பந்தல்காலுக்குப் பின்னால், பாதி முகம் தெரிய நிற்கிறாள். பூ வைத்த அன்று வராதே என்று சொன்னவள் நான். இன்றைக்கு வா என்று நான் சொல்லவில்லை. அவளாக எப்படி வருவாள்?

மணப்பெண் மணவறையில் வாய் திறக்கக் கூடாது. எனக்குத்தான் அடக்கமான பெண் என்று பெயர் வேறு. பக்கத்தில் மாப்பிள்ளை தலைப்பாகையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"மைனீ!" என்று கத்தினேன். மேளக்காரர் கை நின்றுவிட்டது. "முன்னால வாங்க மைனி!"

பந்தலில் இருந்த அத்தனை தலையும் அவள் பக்கம் திரும்பியது. திரும்பிப் பார்க்கட்டும் என்றுதான் அவ்வளவு சத்தமாகக் கூப்பிட்டேன்.